வடிகட்டாத தண்ணீர்

ரத்னமாலாவுக்கு எண்ணெயை முகர்ந்து பார்த்தே அது எத்தனை வருஷம் உழைத்த எண்ணெய் என்று சொல்லத் தெரியும். நல்லெண்ணெய், மல்லாட்டை என்கிற கடலை எண்ணெய் என்றால் ஆரணியில் எந்தப் பெண்பிள்ளையும் சொல்லிவிடுவாள். இவள் சொன்னது டிரான்ஸ்பார்மர் எண்ணெயை. புது எண்ணெய்க்கு வாசனையே இருக்காது. ஐந்து வருஷம் ஆனால் பழைய புத்தகத்தைத் திறந்த மாதிரி ஒரு நெடி. உள்ளே சுருள் தீய்ந்துபோன எண்ணெய் என்றால் மூடியைத் திறந்ததுமே மூக்கைச் சுளிக்கவைக்கும். வேறு வேலை கிடைக்காமல்தான் இந்த வேலைக்கு வந்தாள். வந்த பிறகு, இத்தனை நாள் இது தெரியாமல் எப்படி இருந்தோம் என்று அவளுக்கே ஆச்சரியம்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அரிசி மண்டி ஒன்றின் மாடியில் இரண்டு அறை. அதுதான் தணிகாசலத்தின் பரிசோதனைச்சாலை. தணிகாசலம் மெட்ராஸில் ஒரு பெரிய லேபில் இருபது வருஷம் இருந்துவிட்டு, அங்கே யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர். சண்டை எதற்கு என்று மூன்று தடவை கேட்டால் மூன்று காரணம் சொல்வார். ஆனால் கைசுத்தக்காரர். குடுவையில் ஒரு விரல்ரேகை தெரிந்தால் அன்றைக்கு அந்த மாடியில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

கரண்டு கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் டிரான்ஸ்பார்மருக்கு உள்ளே செம்புச் சுருளைச் சுற்றி எண்ணெய்தான் நிரம்பியிருக்கும். சூட்டை வாங்கிக்கொள்வதும் அதுதான், கரண்டு கண்ட இடத்தில் தாவாமல் தடுப்பதும் அதுதான். அதில் துளி ஈரம் இறங்கினாலும் போச்சு. அதனால் போளூர், செய்யார், வெம்பாக்கம் பக்கத்துத் துணை மின்நிலையங்களிலிருந்தும் நெல் மில்களிலிருந்தும் பாட்டில் பாட்டிலாக எண்ணெய் பஸ் ஏறி ஆரணிக்கு வரும். கண்டக்டர்கள் அதைச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, யாராவது பீடி பற்றவைத்தால் கத்துவார்கள். ரத்னமாலா அந்த எண்ணெயைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு பித்தளைக் குமிழ்களுக்கு நடுவே கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவாள். பத்து, இருபது, முப்பது ஆயிரம் வோல்ட். ஏதோ ஒரு இடத்தில் எண்ணெய் தாங்காமல் 'டப்'பென்று நீலமாக ஒரு பொறி தாவும். மூன்று வருஷத்தில் ஆயிரம் தடவை பார்த்திருப்பாள். ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தாள்.

அவள் பூர்வீகச் சமணக் குடும்பம். ஆரணிக்கு நாலு மைல் தள்ளி ஒரு கிராமம். அப்பா இல்லை, அம்மா கனகவதியும் அவளும்தான். அந்த வீட்டில் வடிகட்டாத தண்ணீர் யார் வாயிலும் படாது. இரண்டாக மடித்த வெள்ளைத் துணியைக் குடத்தின் வாயில் போட்டு ஊற்றுவார்கள். அதோடு முடிந்ததா? துணியில் தங்கிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத் திருப்பி அலசி, எடுத்த கிணற்றிலேயே விடவேண்டும். இந்தக் கிணற்றுப் பூச்சியை அந்தக் கிணற்றில் விட்டால்கூடத் தப்பு, அதற்கு அந்த இடம் ஒத்துக்கொள்ளாது. துணிக்குச் சோப்பும் போடக்கூடாது. சின்ன வயதில் ரத்னமாலா அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. வேலூரில் பி.எஸ்.சி. படிக்கும்போது முதல்முதலாக மைக்ராஸ்கோப் கிடைத்தது. துணி அலசிய தண்ணீரைச் சின்னச் சீசாவில் கொண்டுபோய் ஒரு துளி வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு ஊரே நீந்திக்கொண்டிருந்தது. அந்த வாரம் வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே கத்தினாள்.

“இருக்குதும்மா! நெஜமாவே இருக்குது!”

“இல்லன்னு யாருடி சொன்னது?” என்றாள் கனகவதி, அரிசி களைந்தபடி.

வெளியே போனாலும் ரத்னமாலாவின் கைப்பையில் அந்தத் துணி ஒன்று எப்போதும் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக் குழாயிலானாலும் சரி, லேப் பானையிலானாலும் சரி, துணி போட்டுத்தான் குடிப்பாள். தணிகாசலம் முதலில் கேலி செய்தார். பிறகு அவரும் பழகிப்போய், வடிகட்டிய தம்ளருக்குக் கையை நீட்ட ஆரம்பித்தார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் எண்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் ஒரு கிணறு குறுக்கே வந்தது.

கிணறு வேணுகோபாலுடையது. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். ஆரணியில் நெசவு செய்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும்; சாயம் போடுகிறவனை நூல் கெட்டால்தான் நினைப்பார்கள். அவருடைய அரக்குச் சிவப்பு என்றால் ஒரு காலத்தில் காத்துக்கிடந்து வாங்கிப் போவார்கள். அவருடைய பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று வருஷமாக அருணகிரி என்பவர் டிரான்ஸ்பார்மர் ரிப்பேர் ஷெட் வைத்திருந்தார். எரிந்துபோன டிரான்ஸ்பார்மர்கள் லாரியில் வரும். பிரித்து, பழைய எண்ணெயை வடித்து, சுருள் மாற்றிக் கட்டி அனுப்புவார்கள்.

அந்த மழைக்காலத்தில் வேணுகோபால் போட்ட நூலில் புளியங்கொட்டை அளவுக்குத் திட்டுத் திட்டாகச் சாயம் பிடிக்காமல் நின்றது. மறுபடி போட்டார். மறுபடியும் திட்டு. தறியில் ஏறிய பிறகு தெரிந்தால் புடவையே போச்சு. "சொவத்துக்கு அந்தாண்டேர்ந்து எண்ண எறங்கிகினு கீது, தண்ணி கெட்டுப்போச்சு" என்றார் வேணுகோபால். தெருவோ, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரித்தது. ஐம்பது வயதாகிறது, கண் மங்கிவிட்டது, கை கெட்டுவிட்டது என்று பேச்சு. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா?

அவர் மின்சார ஆபீசில் போய் மனு எழுதிக் கொடுத்தார். உங்கள் டிரான்ஸ்பார்மர்தானே அங்கே ரிப்பேர் ஆகிறது, நீங்கள்தான் கேட்கவேண்டும் என்று. அங்கிருந்த என்ஜினீயர் நல்ல மனுஷர். மனுவைக் குப்பையில் போடாமல், கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் இருக்கிறதா பார்த்துச் சொல்லும்படி தணிகாசலத்துக்குக் கடிதம் அனுப்பினார். தண்ணீரில் எண்ணெய் தேடுவது அந்த லேபுக்குப் புதுசு. தணிகாசலம் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி, செய்யவேண்டியதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். அகல வாய்க் கண்ணாடி பாட்டில். மேல்மட்டத்துத் தண்ணீரை எடுக்கவேண்டும். அங்கேயே உடனே ஆசிட் ஐந்து மில்லி விடவேண்டும். விடாவிட்டால், தண்ணீரில் உள்ள கிருமிகள் லேபுக்கு வருவதற்குள் எண்ணெயைத் தின்றுவிடும்.

ரத்னமாலா அந்த அட்டையை வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். வாளியில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கையில் ஆசிட் சீசா. கிருமி என்று அட்டையில் இருந்தது; அவளுக்கு மைக்ராஸ்கோப்பில் நீந்திய ஊர் ஞாபகத்துக்கு வந்தது. கை தானாகப் பைக்குள் போயிற்று. மடித்த துணியை எடுத்து பாட்டிலின் வாயில் போட்டு ஊற்றினாள். துணியைத் திருப்பிக் கிணற்றிலேயே அலசிவிட்டாள். பிறகுதான் ஆசிட் விட்டாள். கண்ணுக்குத் தெரியாதது எல்லாமா துணியில் நின்றுவிடும்? நிற்காது என்று படித்தவளுக்குத் தெரியாதா? நின்றவரைக்கும் பிழைத்துப் போகட்டுமே என்று இருந்தது. எண்ணெய் தண்ணீரோடு தண்ணீராக இறங்கிவிடும் என்று மனசு அதற்கு ஒரு தலையாட்டலும் ஆட்டிவைத்தது.

தண்ணீரை வடிகட்டாதே என்று அட்டையில் எழுதவில்லை. தணிகாசலத்தைக் குற்றம் சொல்லவும் முடியாது. அப்படி ஒன்றை எழுதிவைக்கவேண்டிய அவசியம் உலகத்தில் வேறு எந்த லேபுக்கு வந்திருக்கும்?

சோதனையில் எண்ணெய் இல்லை. வேணுகோபால் ஒத்துக்கொள்ளாமல் மன்றாடவே, இன்னொரு தரம் போய் எடுத்துவந்தாள். அதே வாளி, அதே துணி. மறுபடியும் இல்லை. "எண்ணெய் காணப்படவில்லை" என்று டைப் அடித்து, தணிகாசலத்தின் கையெழுத்துக்குக் கீழே முதல்முறையாகத் தன் கையெழுத்தையும் போட்டாள். பொங்கலுக்குப் பிறகு அவளே தனியாகக் கையெழுத்துப் போடலாம், கெமிஸ்ட் என்று பெயர்ப்பலகை எழுதிவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அன்றைக்குக் கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை பிறந்து பத்து நாளில் ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். விரல் நகமெல்லாம் பல வருஷத்துச் சிவப்பு. வேணுகோபாலின் மனைவி தேவகி. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தணிகாசலம் உள் அறைக்குப் போய்விட்டார். சண்டை, சச்சரவு என்றால் அவருக்கு அந்த உள் அறையில் அவசர வேலை இருக்கும்.

தேவகி சண்டை போடவில்லை. “தண்ணியில எண்ண இருந்தா எப்டி கண்டுபுடிப்பீங்க, எனக்கு காட்டும்மா” என்றாள்.

ரத்னமாலாவுக்கு இப்படிக் கேட்கிறவர்களை ரொம்பப் பிடிக்கும். அடியில் திருகுக் குழாய் வைத்த பிரிபுனலை எடுத்தாள். தண்ணீரையும் பெட்ரோலியம் ஈதரையும் சேர்த்துக் குலுக்கினால் எண்ணெய் தண்ணீரை விட்டு ஈதருக்கு மாறிக்கொள்ளும். ஈதரைச் சுண்டவைத்தால் மிஞ்சுகிறது எண்ணெய். எல்லாவற்றையும் செய்து காட்டினாள். தேவகி முகத்தைக் கிட்டத்தில் வைத்து, சாய அண்டாவைப் பார்க்கிற கண்ணாலேயே பார்த்தாள்.

“இதுல தப்பு வராதா?”

“வராதுக்கா. ரெண்டு தபா பாத்துட்டேன்.”

“அப்போ அவரு கைதான் கெட்டுப்போச்சு.” தேவகி புடவை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். “அந்தக் கடுதாசி வந்ததுலேர்ந்து ஒரு கத்த நூலு வரல. அவரு அண்டாவக் கழுவிக் கவுத்துட்டாரு. முப்பது வருசம் பண்ண தொழிலு, எனக்கு வராதுன்னு அவரே சொல்லிகினு குந்தினு கீறாரு. தண்ணி மேல தப்பு இருந்தா, நல்லாயிருக்கும்னு வந்தேன். இல்லன்னா என்ன பண்றது.”

படியிறங்கிப் போனாள். ரத்னமாலாவுக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. உண்மையைத்தானே எழுதினோம், அதற்கு ஏன் இப்படி உறுத்துகிறது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள்.

பதில் அந்த வாரக் கடைசியில் சமையல்கட்டிலிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுத் துணி கிழிந்துவிட்டதால் கனகவதி மகள் பையிலிருந்த துணியை எடுத்துக் குடத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

“ஏண்டி ரத்னா, இன்னாடி துணி இது? தண்ணி எறங்கவே மாட்டேங்குது.”

ரத்னமாலா வந்து பார்த்தாள். துணியின் நடுவில் தண்ணீர் குளம் கட்டி நின்றது. அம்மா துணியை உயர்த்தியதும் சேப்பங்கிழங்கு இலையில் உருள்வதுபோல முத்து முத்தாக உருண்டு விளிம்பில் விழுந்தது. அவளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பார்க்காததைப் பார்த்தால் வருகிற சந்தோஷம். புதுக் காடாத் துணி இப்படித் தண்ணீரைத் தள்ளும். ஆனால் இது நூறு தடவை அலசிய பழந்துணி. விரலால் தேய்த்தாள். வழவழப்பு. மூக்கில் வைத்தாள்.

பழைய புத்தகத்தைத் திறந்த மாதிரி ஒரு நெடி.

இந்தத் துணி எங்கெல்லாம் போயிற்று? பஸ் ஸ்டாண்டுக் குழாய். லேப் பானை. அப்புறம், அந்தக் கிணறு. இரண்டு தடவை. அதற்கப்புறம் இது பைக்குள்ளேயே கிடந்தது; லேபில் குடிக்க வேறு துணி. காய்ந்த துணியைப் போட்டு மேல்மட்டத்துத் தண்ணீரை ஊற்றினோமே! தண்ணீர் இறங்கியது, எண்ணெய் இங்கேயே தங்கிவிட்டது. இருப்பதை எல்லாம் துணியில் பிடித்துவைத்துக்கொண்டு, இல்லை இல்லை என்று ஊருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, பூச்சியக் காப்பாத்தறேன்னு ஒரு மனுஷனக் கவுத்துட்டேம்மா.”

கனகவதிக்குக் கதை முழுசும் புரிய அரைமணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவள் துணியைக் கேட்டாள். இருக்கிற ஒரே சாட்சியையும் அம்மா அலசிவிடுவாளோ என்று ரத்னமாலா துணியைப் பின்னால் ஒளித்தாள்.

திங்கட்கிழமை தணிகாசலம் வருவதற்கு முன்னாலேயே துணியில் ஒரு பாதியை வெட்டி ஈதரில் ஊறவைத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த வேறொரு பழந்துணியை ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஊறவைத்தாள். சுண்டிய பிறகு ஒரு கிண்ணம் வெறுமை. இன்னொன்றில் மஞ்சளாகப் பளபளவென்று ஒரு படலம். அவர் வந்ததும் இரண்டையும் மேஜைமேல் வைத்துவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

தணிகாசலம் இரண்டையும் முகர்ந்து பார்த்தார். பிறகு கிண்ணத்தை நகர்த்தினார்.

“இது எதுக்கும் சாட்சி ஆவாதும்மா. நாள்பூரா எண்ணெயில முங்கற கை உன்னுது. உன் பையில கெடந்த துணி. அதுல எண்ண இல்லாம பன்னீரா இருக்கும்?”

அவர் சொன்னது சரிதான். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

“அப்போ மறுபடி போய் எடுத்துகினு வரேன் சார். வடிகட்டாம.”

“எடு. எண்ண இருந்தா புது ரிப்போர்ட் குடுப்போம். மழையில இப்போதான் எறங்குச்சுன்னு இருக்கட்டும். பழைய ரிப்போர்ட்டப் பத்திப் பேச்சே எடுக்காதே. பேரு கெட்டா நாளைக்கு போளூர்லேர்ந்து ஒரு பாட்டில் வராது. உன் பேரும் கெடும். பொங்கலுக்கு போர்டு எழுதணுமா, வேணாமா?”

ரத்னமாலா யோசித்தாள். நல்ல யோசனைபோலத்தான் இருந்தது. எண்ணெய் இருப்பது வெளியே வந்துவிடும், யாருக்கும் கெட்ட பேரில்லை. சட்டென்று ஓட்டை தெரிந்தது.

“ஐப்பசியில தண்ணி சுத்தமா இருந்துச்சு, இப்போதான் எண்ண வந்துச்சுன்னா, ஐப்பசியில கெட்ட நூலுக்கு யாரு சார் காரணம்? அவரு கைதான்னு ஆயிடும். அப்புறம் தண்ணி நல்லா ஆனாலும் அவருக்கு யாரும் நூல் குடுக்கமாட்டாங்க.”

தணிகாசலம் அவசர வேலையாக உள் அறைக்குப் போய்விட்டார். கொஞ்சம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது. “மொதல்ல போய் எடுத்துகினு வா. இருக்குதான்னு பாப்போம்.”

வேணுகோபாலின் பட்டறையில் செப்பு அண்டாக்கள் கவிழ்ந்துகிடந்தன. அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேவகிதான் கயிற்றையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள்.

மேல்மட்டத்துத் தண்ணீர் வாளியில் வந்தது. தேவகி அவளுடைய பையைப் பார்த்தாள்.

“துணி எங்கம்மா? அன்னைக்கு ரெண்டு தபாவும் போட்டுதான ஊத்தின?”

இதைக் கவனித்திருக்கிறாள்!

“இன்னைக்கு துணி இல்லக்கா.”

“எதுக்கும்மா போட்ட?”

“தண்ணியில உயிர் இருக்குது. ஆசிட் ஊத்துனா செத்துடும். அதான் எடுத்து மறுபடி கெணத்துல உட்டேன்.”

“இப்போ ஊத்துனா?”

“செத்துடும்க்கா.”

ரத்னமாலா பாட்டிலில் தண்ணீரை நேராக ஊற்றினாள். வெயிலில் பிடித்தாள். ஒன்றும் தெரியவில்லை, வெறும் தண்ணீர். ஆசிட் சீசாவின் மூடியைத் திறந்தாள். பிறந்ததிலிருந்து தெரிந்தே எறும்பைக்கூட மிதித்ததில்லை. இப்போது தெரிந்தே, பார்த்தே, ஐந்து மில்லி. ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, மூடிக்கொண்டு செய்தால் அளவு தப்பிவிடும் என்று திறந்துகொண்டு விட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்காமல் பாட்டிலை இறுக்கி மூடினாள்.

அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது. இருந்தது. துணியில் இருந்த அதே மஞ்சள், அதே நெடி. அருணகிரியின் ஷெட்டிலிருந்து முன்பே சோதனைக்கு வந்திருந்த பழைய எண்ணெயோடு ஒப்பிட்டுப் பார்த்தார் தணிகாசலம். ஒன்றே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எழுது. என்ன நடந்துச்சோ அத எழுது. கையெழுத்து நீயே தனியா போடு. என் பேரு வேணாம்” என்றார். பயந்த மனுஷர்தான், ஆனால் தடுக்கவில்லை. அந்த அளவுக்கு அவர் நல்லவர்.

முதல்முறையாகத் தனியாகப் போட்ட கையெழுத்து அதுதான். முந்தைய இரண்டு சோதனைகளும் தவறு, மாதிரி எடுத்தவர் தண்ணீரைத் துணியில் வடிகட்டியதால் எண்ணெய் துணியில் தங்கிவிட்டது, எடுத்தவர் ர. ரத்னமாலா. ஒரு நகல் என்ஜினீயருக்கு, ஒன்று அருணகிரிக்கு. மூன்றாவதை எடுத்துக்கொண்டு, நெசவுக்காரர்கள் கூடும் சங்கத்துக்கு அவளே போனாள். வேணுகோபாலின் கையைப் பற்றிப் பேச்சு நடந்த இடம் அதுதானே. நாற்பது ஆண்களுக்கு நடுவில் நின்று படித்தாள். யாரோ பின்னால், “தண்ணிய வடிகட்டி எண்ண தேடுச்சாம் பாரு, பி.எஸ்.சி.!” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. சிரித்து முடிக்கட்டும் என்று நின்றாள். முடித்ததும் சொன்னாள்.

“நல்லா சிரிங்க. எங்க கை தப்பு இது. வேணுகோபால் அண்ணன் கையில ஒரு தப்பும் இல்ல. ஐப்பசியிலயும் இல்ல, இப்போவும் இல்ல.”

அந்தச் சிரிப்பு ஆரணியில் ரொம்ப நாள் ஓடிற்று. லேபுக்கு வரும் பாட்டில்களும் ஒரு மாதம் குறைந்தன. தணிகாசலம் சொன்னபடியே செய்தார்: பெயர்ப்பலகை இல்லை, கையெழுத்து இல்லை; ஒரு வருஷம் குடுவை கழுவுகிற வேலை. அவள் கழுவினாள். என்ஜினீயர் கேட்ட கேள்வியில் அருணகிரி எண்ணெய் வடிக்கிற இடத்துக்குச் சிமெண்டுத் தொட்டி கட்டினார். கிணற்றை நாலு தரம் இறைத்தார்கள். அண்டாக்கள் நிமிர்ந்தன.

கனகவதி மகளைக் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த ஆசிட்டுக்குப் பிராயச்சித்தமாக ரத்னமாலா ஒரு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டாள். அம்மாவும் கூடவே உப்பில்லாமல் சாப்பிட்டாள். “உனக்கு எதுக்கும்மா?” என்று கேட்டதற்கு, “துணி போடச் சொல்லிக் குடுத்தவ நான்தானடி” என்றாள். அதற்குப் பிறகு ரத்னமாலா எத்தனையோ கிணறு, ஏரி, துணை மின்நிலையத்துக் கால்வாய் என்று தண்ணீர் எடுத்திருக்கிறாள். அவள் எடுத்த ஒவ்வொரு பாட்டிலின் சீட்டிலும் தேதிக்குக் கீழே 'வடிகட்டவில்லை' என்று எழுதியிருக்கும். மெட்ராஸிலிருந்து ஒருமுறை வந்த அதிகாரி, இதை ஏன் எழுதுகிறீர்கள், யார் வடிகட்டுவார்கள் என்று கேட்டார். எழுதிவைப்பது நல்லதுங்க சார் என்று சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தரமும் எழுதிய பிறகுதான் ஆசிட் விடுவாள். கண்ணைத் திறந்துகொண்டுதான்.

எண்பத்துமூன்றாம் வருஷம் மாசி மாதம், குடுவை கழுவிக்கொண்டிருந்தபோது தேவகி மாடிப்படி ஏறி வந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய ஒன்று.

“அவரு குடுக்கச் சொன்னாரு. நேர்ல வர வெக்கமாம்.”

பிரித்தாள். இரண்டு முழத்தில் ஒரு பட்டுத் துண்டு. அரக்குச் சிவப்பு.

“அந்தக் கெணத்துத் தண்ணியில போட்டதும்மா. உன் துணிய வெட்டிப்புட்டியாமே, தண்ணி வடிகட்டறதுக்குன்னு குடுத்தாரு. சாயத் துணியில தண்ணி வடிகட்டலாமா, வெள்ளத் துணிதான போடுவாங்கன்னு நான் சொல்லிப் பாத்தேன். கேக்கல.”

தேவகி போன பிறகு ரத்னமாலா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். நன்றிக்காகக் கொடுத்ததை அப்படிச் சோதித்துப் பார்க்கக்கூடாதுதான். ஆனால் அவளால் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, விரல் விரலாக நகர்த்தி, கடைசி மூலைவரைக்கும் தேடினாள். ஒரு திட்டுக்கூட இல்லை.